பதின்மூன்று தொட்டிப் பச்சைப் பொய்

மனைவி கிளம்பிப் போன நான்காம் நாள் காலை போன் சிணுங்கியது. ஒரே வரி. "செடிங்களை ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க."

செடி!

வாயில் பிரஷ்ஷோடு பால்கனிக்கு ஓடினேன். பதின்மூன்று தொட்டிச் செடிகளும் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றன. தப்பு செய்தவன் நான். தலை குனிந்தவை அவை. பெருந்தன்மையான செடிகள்.

தங்கைக்குப் பிரசவம் என்று பதினைந்து நாள் போயிருந்தாள். போகும்போது ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "சமைக்காட்டி போகுது, பெருக்காட்டி போகுது. காலையில ஒரு வாளி, சாயங்காலம் ஒரு வாளி. மறந்துடாதீங்க." நான் மறக்கவே இல்லை. காலையில் ஒரு வாளி, சாயங்காலம் ஒரு வாளி, தவறாமல் குளித்தேன்.

உடனே மூன்று வாளி தண்ணீரைக் கொட்டினேன். செடிகள் குடித்தன. குடித்துவிட்டு இன்னும் கொஞ்சம் வாடின.

சாதாரணக் கணவன் இந்த இடத்தில் காலில் விழுந்திருப்பான். நான் சாதாரணக் கணவன் இல்லை. இன்சூரன்ஸ் ஆபீஸில் இருக்கிறேன். கார் நசுங்கியது, கடையில் வெள்ளம் புகுந்தது என்று நஷ்டஈடு கேட்பவர்கள் அனுப்பும் போட்டோக்களில் எது நிஜம், எது பித்தலாட்டம் என்று பிரிப்பதே என் வேலை. பதினெட்டு வருஷ சர்வீஸ். பித்தலாட்டத்தைப் பிடிக்கத் தெரிந்தவனுக்குச் செய்யத் தெரியாதா?

பனியன் நுனியால் போனின் கேமராக் கண்ணாடியைத் துடைத்தேன். 'விவிட்' என்று ஒரு பொத்தான் உண்டு. வெளிறிப்போனதைக்கூடப் பளிச்சென்று காட்டும். அதைத் தட்டினேன். வெயில் பக்கவாட்டில் விழும்படி தொட்டிகளைத் திருப்பினேன். திரையில் விரல் வைத்து வெளிச்சத்தை ஒரு பிடி குறைத்தேன். வெளிச்சம் குறைந்தால் வண்ணம் கெட்டிப்படும். இலைமேல் தண்ணீர் தெளித்தேன். பக்கத்தில் சிவப்பாக ஒரு துண்டைத் தொங்கவிட்டேன். சிவப்புக்குப் பக்கத்தில் செத்த பச்சையும் துள்ளும். பழைய காரைப் புதுசாகக் காட்டப் பார்த்த ஒரு புண்ணியவான் இதே வேலையைச் செய்துதான் என்னிடம் மாட்டினார். அவருக்கு மனதுக்குள் நன்றி சொல்லிக்கொண்டே அனுப்பினேன்.

ஐந்தாவது நிமிஷம் கூப்பிட்டாள்.

"என்னங்க, செடி இவ்வளவு பச்சையா இருக்கு?"

"எல்லாம் கைராசிம்மா."

"உங்க கையா? நீங்க தொட்டா ஃபேன்கூட நின்னுடுமே."

"அது கரண்ட். இது அன்பு."

"அப்படியா? இந்தப் பச்சையை நான் எங்கேயோ பார்த்திருக்கேன்."

"இயற்கையில பார்த்திருப்ப."

"இல்லைங்க, எங்க கடையில. இரும்பு கேட்டுக்கு அடிப்பாங்க."

என் மனைவி பெயிண்ட் கடையில் வேலை செய்கிறாள். யாராவது கைக்குட்டையை நீட்டி, இதே கலரில் சுவர் வேண்டும் என்றால், அந்தக் கலரை டப்பாவில் அப்படியே கலந்து கொடுப்பாள். அவள் சொன்னது அந்த நிமிஷமே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. பாராட்டு என்று நினைத்தேன்.

அன்றிலிருந்து தினம் ஒரு போட்டோ. தினம் ஒரு பச்சைப் பொய். ஏழாம் நாள் இலைகள் முழுக்கப் பழுப்பாகிவிட்டன. பழுப்பில் கலரை எவ்வளவு ஏற்றினாலும் பழுப்புதான் ஏறுகிறது. வேறு வழியில்லாமல் போட்டோ மொத்தத்தையும் பச்சைப் பக்கம் தள்ளினேன்.

"என்னங்க, கீழே ஓரத்துல அது என்ன, பச்சையா?"

"எது?"

"உங்க கால் கட்டைவிரல்."

"அது... பாசி. தரை ஈரமா இருக்கில்ல?"

"அவ்வளவு தண்ணி ஊத்துறீங்களா?"

"ஊத்தோ ஊத்துன்னு ஊத்தறேன்."

"ஊத்திக்காம இருந்தா சரி." உடனே அடுத்த கேள்வி. "மூணாவது தொட்டியில தக்காளி பழுத்திருக்கு போலிருக்கே?"

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். துணி மாட்டும் கிளிப். எல்லாமே பச்சையானால் சந்தேகம் வருமே என்று அதற்கு மட்டும் சிவப்பை ஏற்றிவிட்டிருந்தேன். கொடியிலிருந்து இறங்கிச் செடியில் காய்த்திருந்தது.

"ஆமா, ஆமா. கொத்துக் கொத்தா!"

"அப்போ பறிச்சு எதிர்வீட்டு டீச்சரம்மாகிட்ட கொடுத்துடுங்க. பாவம், முட்டி வலின்னு கடைக்கே போறதில்லை."

கடைக்கு ஓடினேன். ஒரு கிலோ வாங்கி, மண்ணில் கொஞ்சம் புரட்டி, எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன். டீச்சரம்மா ரிட்டையர் ஆகி ஆறு வருஷம் ஆகிறது. இன்னும் எதைக் கொடுத்தாலும் திருத்துவதற்கு வாங்குவது போலவே வாங்குவார்.

"உங்க செடியில காய்ச்சதா, தம்பி?"

"என் கையால வளர்த்தது, டீச்சரம்மா."

மூக்குக்கண்ணாடியை இறக்கி ஒரு தக்காளியைத் திருப்பினார். "இதுல ஸ்டிக்கர் ஒட்டியிருக்கே?"

"அது... எங்க வீட்ல அவ எல்லாத்துலயும் லேபிள் ஒட்டி வெச்சிடுவா."

"ஊர்லேருந்தேவா?"

"அதுக்கு முன்னாடியே. பிஞ்சுலயே."

"சரி" என்றார். பரீட்சைத் தாளில் முட்டை போடுகிற குரல்.

மறுநாள் மனைவி, மிளகாய் கொடுங்கள் என்றாள். அதற்கும் மறுநாள் கத்தரிக்காய். ஆபீஸில் அடுத்தவன் பொய்யைப் பிடித்துவிட்டு, சாயங்காலம் என் பொய்க்குக் காய் வாங்கிக்கொண்டிருந்தேன். சாப்பிடும்போதுகூட, நாளைக்கு எது காய்க்குமோ என்ற கவலைதான்.

அவள் வருவதற்கு முதல் நாள் உண்மை உறைத்தது. போட்டோவை எவ்வளவு தேற்றினாலும் பால்கனி தேறாது. லீவு போட்டேன். காய்ந்த குச்சிகளையெல்லாம் பிடுங்கி மூட்டை கட்டிக் குப்பையில் சேர்த்தேன். தொட்டிகளையும் தலைமுழுகினேன். செடி விற்கும் இடத்துக்குப் போய், "பதிமூணு வேணும், நல்லா வளர்ந்ததா" என்றேன். அன்றைக்கென்று லிஃப்ட் வேலை செய்யவில்லை. நாலு மாடி. ஒவ்வொரு தொட்டியாகத் தூக்கினேன். ஐந்தாவது தொட்டியில் இடுப்பு என்னைவிட்டுப் போனது. மீதி எட்டையும் வைராக்கியம் தூக்கியது.

மறுநாள் வந்தாள். பையை வைத்ததும் நேராகப் பால்கனிக்குப் போனாள். ஓர் இலையை விரலால் தடவினாள். என் முகத்திலிருந்த கலர் மொத்தமும் இறங்கியது.

"போட்டோவுல இருந்ததைவிட நேர்ல பச்சை கம்மியா இருக்கே?"

"போன் கேமராம்மா. கொஞ்சம் கூட்டித்தான் காட்டும்."

"நல்லா வெச்சிருக்கீங்க."

ஜெயித்துவிட்டேன்! பதினெட்டு வருஷ சர்வீஸ் வீண் போகவில்லை. நிமிர்ந்து நிற்கலாம் என்று பார்த்தேன், இடுப்பு விடவில்லை.

அப்போது அழைப்பு மணி அடித்தது. டீச்சரம்மா. கையில் ஒரு தொட்டி. தொட்டியில் ஒரு தக்காளிச் செடி, பழம் தாங்காமல் சாய்ந்து நின்றது.

"இந்தாம்மா உன் செடி. மீதி பன்னெண்டும் என் பால்கனியில இருக்கு. தம்பி வந்து தூக்கிட்டுப் போகட்டும்."

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. "அப்போ... இங்கே இருந்தது?"

மனைவி அலட்டிக்கொள்ளவே இல்லை. "நான் கிளம்பறதுக்கு முதல் நாள், நீங்க ஆபீஸ்ல இருந்தப்போ என் செடியை அங்கேயும் டீச்சரம்மா செடியை இங்கேயும் மாத்தி வெச்சேன். உங்களை நம்பிச் செடியை விட்டுட்டுப் போவேனா? பத்து வருஷமா இந்தப் பால்கனிக்கு நீங்க பனியன் காயப்போடத்தானே வந்திருக்கீங்க? செடி மாறினது எங்கே தெரியப்போகுது?"

"அப்போ நான் சாகடிச்சது?"

"அதெல்லாம் காய்ப்பு முடிஞ்சு நான் பிடுங்கிப் போட வெச்சிருந்தது, தம்பி" என்றார் டீச்சரம்மா. "நீங்க ஒண்ணும் வருத்தப்படாதீங்க. அது ஏற்கெனவே போய்ச் சேர்ந்ததுதான்."

செத்துப்போன செடியை மறுபடி சாகடித்து, அதற்குப் பத்து நாள் மேக்கப் போட்டிருக்கிறேன்.

"தெரிஞ்சிருந்தும் ஏன்டி ஒரு வார்த்தை சொல்லலை?"

"சொல்லியிருந்தா மன்னிப்பு கேட்டிருப்பீங்க. அதை வெச்சு நான் என்னங்க பண்றது? இன்னும் நாலு செடி வாங்கலாம்னு கேட்கும்போதெல்லாம், இருக்கிறது போதாதான்னு பாய்வீங்க. இந்தத் தடவை நான் வாயே திறக்கலை. பதிமூணு! அதுவும் நாலு மாடி உங்க தோள் மேலயே வந்திருக்குன்னு டீச்சரம்மா நேத்தே போன்ல சொல்லிட்டாங்க."

டீச்சரம்மா தலையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

மனைவி பழைய தொட்டியைப் புதுத் தொட்டிகளுக்கு நடுவில் வைத்து, தள்ளி நின்று அழகு பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"ஆக மொத்தம் இருபத்தாறு. சாயங்காலம் தண்ணி ஊத்திடுங்க. போட்டோ வேண்டாம், நான் பக்கத்துலயே நின்னு பார்க்கிறேன்."