ஆளில்லாத கிராசிங்கில் செங்குட்டுவன்

அன்று காலை பல் விளக்கும்போதே செங்குட்டுவன் முடிவு செய்துவிட்டார். ஸ்டியரிங்கை விடுவதில்லை. உயிரை விட்டாலும் விடுவதில்லை.

மனிதர் நிலக்கரிச் சுரங்கத்தில் பக்கெட் வீல் ஆபரேட்டர். ஆறேழு மாடிக் கட்டடம் ஒன்று எழுந்து நடந்து வந்து மண்ணை அள்ளித் தின்றால் எப்படியிருக்கும்? அப்படியொரு யந்திரம். அதையே விரல் நுனியில் ஆட்டுகிறவர், போன வாரம் லைசென்ஸ் வாங்கிய பொண்டாட்டி அன்புக்கரசிக்குப் பக்கத்தில் கையைக் கட்டி உட்கார்ந்து, காடாம்புலியூர் மச்சான் வீட்டுக் காதுகுத்துக்குப் போய் இறங்குவதா? பந்தலே சிரிக்காதா?

ஆனால் அன்புக்கரசியிடம் முடியாது என்று சொல்லி ஜெயித்தவர் சுரங்கத்து குவார்ட்டர்ஸில் கிடையாது. அதனால் பரீட்சை வைத்தார். போகிற வழியில் சுரங்கத்துக் கரி வண்டியின் தண்டவாளம் குறுக்கிடும். கேட்டும் கிடையாது, கேட்மேனும் கிடையாது, போர்டு மட்டும் உண்டு. அதைச் சட்டப்படி தாண்டிவிட்டால் கார் இனி அவள் கையில். ஒரு தப்பு செய்தாலும் சாவி அவர் பாக்கெட்டில், ஆயுசுக்கும்.

புதுசாக ஓட்டுகிறவர்களின் லட்சணம் அவருக்கு அத்துப்படி. தண்டவாளத்தைக் கண்டதும் ஒன்று, கண்ணை மூடிக்கொண்டு பாய்வார்கள். இல்லையென்றால் நட்டநடுவில் கியரை மாற்றி வண்டியை அணைத்துவிட்டுப் பேந்தப் பேந்த முழிப்பார்கள். ரெண்டில் ஒன்றைச் செய்யாமலா போவாள்?

அன்புக்கரசி சரிங்க என்று தலையாட்டினாள். ரொம்பச் சாதுவாக ஆட்டினாள். அப்போதே அவர் சுதாரித்திருக்க வேண்டும்.

வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, மாப்பிள்ளை மிடுக்கோடு அவர் முன்சீட்டில் ஏறினார். கிராசிங் வந்தது. போர்டுக்கு முன்னாலேயே நிறுத்தினாள். கண்ணாடியை இறக்கினாள். பாட்டை அணைத்தாள்.

"இறங்குங்க."

"நான் எதுக்குடி இறங்கணும்?"

"ஆளில்லாத கிராசிங்குல வண்டில இருக்கிற இன்னொருத்தரு இறங்கி, தண்டவாளம் வரைக்கும் நடந்து போயி, ரெண்டு பக்கமும் ரயிலு வரலன்னு பாத்து, முன்னால நின்னு வண்டிய கூட்டிக்கினு போவணும். சட்டத்துலயே இருக்குதுங்க."

"அது லாரி கிளீனருக்குடி."

"எந்த வண்டியா இருந்தாலும்தான். ஓட்டுறது நானு. மிச்சம் நீங்க ஒருத்தருதான. நீங்க எறங்காம உக்காந்துகினு இருந்தா தப்பு யாருதுங்க?"

பூமியையே தோண்டுகிறவர் கதவைத் திறந்தார். இறங்கினார்.

பின்னால் ஸ்கூட்டரில் வந்து நின்ற பக்கத்து வீட்டு கொளஞ்சிநாதன், கிளீனர் வேலை கான்ட்ராக்டா பெர்மனென்டா என்று அக்கறையாக விசாரித்தார். பதில் சொல்வதற்குள் தரை நடுங்கியது.

கரி வண்டி.

சுரங்கத்து மேட்டிலிருந்து அதைத் தினமும் பொம்மை ரயிலாகப் பார்த்தவர்தான். பக்கத்தில் நின்று பார்த்ததில்லை. பெட்டி, பெட்டி, பெட்டி. முடிந்தது என்று மூச்சு விட்டால் வளைவில் இன்னும் பெட்டி. எதிரே இருந்த முந்திரித் தோப்பு காணாமல் போனது. பாதி வானமும் போனது. தான் தோண்டிய மண்ணுக்கு அடியில் கிடந்த கரியா இவ்வளவும்? இதற்குக் குறுக்கேயா ஜனங்கள் பாய்கிறார்கள்? செங்குட்டுவன் வாயைப் பிளந்தார். பிளந்த வாய்க்குள்ளும் கரித்தூள் போனது. வேட்டி சட்டையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

கடைசிப் பெட்டி போனதும் வா என்று கையசைத்தார். கார் அசையவில்லை.

"இன்னொரு வண்டி வருதா பாருங்க. ஒண்ணு போனதும் பாயக் கூடாது."

பார்த்தார். வரவில்லை. அவர் முன்னால் நடக்க, பின்னால் கார் தேர் மாதிரி வந்தது. முதல் கியரிலேயே வந்தது. தண்டவாளத்தில் தயங்கவில்லை, திணறவில்லை. ஆறேழு மாடி யந்திரத்தை ஓட்டுகிறவருக்கு, அந்தச் சின்னக் காரை அவள் கொண்டுவந்த அழகைப் பார்த்துக் கும்பிடலாமா என்றுகூடத் தோன்றிவிட்டது. பின்னால் வருகிறவர்களுக்கு இடம் விட்டு, தள்ளிப் போய் ஓரமாக நிறுத்தினாள்.

மூச்சிரைக்க நடந்து போய்ச் சேர்ந்தார். தோற்றது தோற்றதுதான், மச்சான் வீட்டு வாசலில் முன்கதவைத் திறந்துகொண்டு இறங்கினால் பாதி மானமாவது மிஞ்சும் என்று அதில் கை வைத்தார்.

"அங்க வேணாங்க, சீட்டு கறையாவும். கரி வண்டி வர்ற நேரம் பாத்துதான கெளம்புனேன், பின்சீட்டுல பேப்பர் விரிச்சி வச்சிருக்கேன்."