புட்டில் கட்டிய மலையூர்

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கனடாவில், விட்பியில், எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையைச் சுற்றி இருந்தவர்கள்: நான்; என் மனைவி ரதி; எங்கள் மகன் கோபி; அவன் கட்டப்போவதாகச் சொன்ன ஜோய்; ஜோயின் தகப்பன் ரொடெல்; தாய் லூர்து; லூர்துவின் தமையன் தாசியோ. ஆக ஏழு பேர். எட்டாவதாக, மேசை நடுவில் ஒரு பெரிய தட்டம் நிறையப் புட்டு. நடந்த அனைத்துக்கும் அந்த எட்டாவது ஆள்தான் காரணம் என்று இன்றுவரை வாதாடி வருகிறேன். (வீட்டில் ஒருவரும் ஏற்பதாக இல்லை.)

நான் கவலைப்படுவதற்கென்றே பிறந்தவன். பனி கொட்டினால் கார் வழுக்குமே என்று கவலை. கொட்டாவிட்டால், சேர்த்து வைத்து ஒரேயடியாகக் கொட்டப்போகிறதே என்று கவலை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் என்பதால், நாலு பேர் முன்னால் யாராவது ஏதாவது கேட்டு நான் முழிக்க வேண்டி வருமோ என்ற கவலை மட்டும் எல்லாப் பருவத்துக்கும் பொதுவானது.

ஜோயின் வீட்டார் கலியாணத் தேதி வைக்க வருகிறார்கள் என்று கோபி சொன்னபோது, அவர்கள் பிலிப்பைன்ஸ்காரர் என்பது எனக்கு ஒரு பிரச்சினையாகவே படவில்லை. மார்க்கம் நகரில் நான் வேலை செய்யும் வெயர்ஹவுஸில் பாதிப்பேர் அவர்கள்தான். பிரச்சினை யூனியன்வில்லில் இருந்து வந்தது. ரதியின் தமக்கை போன் எடுத்து, பொம்பிளை எந்த ஊர் என்று கேட்டார். பிலிப்பைன்ஸ் என்றேன்.

"அது நாடு. நான் ஊரைக் கேட்டனான்" என்றார்.

எங்கள் ஆட்கள் இருவர் சந்தித்தால் முதற்கேள்வி எந்த ஊர் என்பது. அடுத்தது, அந்த ஊரில் எந்தப் பக்கம். இரண்டுக்கும் பதில் வந்துவிட்டால் மற்றதெல்லாம் நாங்களே ஊகித்துக்கொள்வோம். எனக்கோ சம்பந்தியின் ஊரே தெரியவில்லை. அன்றிரவு நான் நித்திரை கொள்ளவில்லை.

கோபியிடம் கேட்டு ஊரின் பெயரை வாங்கினேன். லுபாயன். வடக்கே, மலைக்குமேல், ஒரு சிறிய நகரசபை. அதற்குப் பிறகு நான் படித்த படிப்பை எட்டாம் வகுப்பில் படித்திருந்தால் இன்றைக்கு நான் டொக்டர். டெலிபோனில் வரைபடத்தை விரலால் பெருப்பித்துப் பெருப்பித்து, மலையைச் சுற்றி ஏறும் ரோட்டின் ஒவ்வொரு வளைவையும் பார்த்தேன். அந்த நகரசபை தன்னைப் பற்றித் தானே எழுதி வைத்திருந்த வரலாற்றை, காலையில் நெடுஞ்சாலையில் கார் ஊரும் நேரமெல்லாம் டெலிபோனை வாசிக்கவைத்துக் கேட்டேன். படிக்கட்டு படிக்கட்டாய் வயல். பைன் மரக்காடு. ஊரைக் குறுக்கே வெட்டும் ஆறு. ஆற்றுக்கு மேலே ஒரு பகுதி, கீழே ஒரு பகுதி. (அவற்றின் பெயர்கள் என் வாயில் நிற்கவில்லை. மேலூர், கீழூர் என்றே வைத்துக்கொள்கிறேன்.) ஸ்பானியர் குதிரைப் பாதையால் ஒரு கோயில் மணியைக் கொண்டுவந்து இறக்கினார்கள். அமெரிக்கர் பள்ளிக்கூடமும் ரோட்டும் போட்டார்கள். யப்பான்காரர் வந்தபோது சனம் குகைகளுக்குள் இருந்தது. பிறகு ஒரு மாரியில் மேலூரில் மண் சரிய, நகரசபைக் கட்டடம் கீழூருக்கு இடம் மாறியது.

ரதிக்கு என் படிப்பு பிடிக்கவில்லை. சனிக்கிழமை தேங்காய் துருவிக்கொண்டே சட்டம் போட்டாள்.

"இஞ்சேருங்கோ, நாளைக்கு நீங்கள் குளிரைப் பற்றிக் கதைக்கலாம். சாப்பாட்டைப் பற்றிக் கதைக்கலாம். வேறை ஒண்டும் வேண்டாம். பெடியன்ர வாழ்க்கை."

ஓம் என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

அவர்கள் வந்தார்கள். ரொடெல் குறைவாகப் பேசும் மனிதர். தாசியோ அந்த ஊர் நகரசபையில் ஒருகாலத்தில் உறுப்பினராக இருந்தவர். அதைக் கதவைத் திறந்தவுடனேயே சொல்லிவிட்டார். கலியாணம் பேச வருவதென்று அன்னாசி நாரில் நெய்த, பூவேலை செய்த, உள்ளே போட்ட பெனியன் தெரியும் மெல்லிய சட்டை போட்டிருந்தார். மாசி மாதக் குளிரில் அதைப் பார்த்த எனக்கு, மனிசனுக்கு நெஞ்சுச்சளி பிடித்தால் கலியாணம் தள்ளிப்போகுமே என்று ஒரு கவலை.

மத்தியானச் சாப்பாட்டுக்கு ஏன் புட்டு என்று கேட்பீர்கள். ஜோய் ஒருநாள் இங்கிருந்து கொண்டுபோன புட்டு ரொடெலுக்குப் பிடித்துவிட்டதாம். ஆகவே புட்டு, மீன்குழம்பு, சம்பல், ஒரு பெரிய கிண்ணத்தில் மஞ்சள் பளபளக்கும் தேங்காய்ப்பால் சொதி.

குளிரைப் பற்றிக் கதைத்தோம். முடிந்தது. சாப்பாட்டைப் பற்றிக் கதைத்தோம். அதுவும் முடிந்தது. பிறகு கரண்டிச் சத்தம் மட்டும். மற்றவர்களுக்கு அது வெறும் மௌனம். எனக்கோ, சம்பந்தம் கண்முன்னே மூழ்கிக்கொண்டிருந்தது.

"உங்கட ஊர் மணி ஸ்பானியர் கொண்டுவந்ததுதானே" என்று என் உடைந்த ஆங்கிலத்தில் கேட்டேன்.

ரொடெல் நிமிர்ந்தார். இந்த நாட்டுக்கு வந்த நாள்முதல், ஊரைச் சொன்னால் எல்லாரும் எந்தக் கடற்கரை என்றுதான் கேட்கிறார்கள், மலை என்றால் நம்புவதே இல்லை என்றார். நான் பைன் மரத்தைச் சொன்னேன். குகையைச் சொன்னேன். லூர்துவின் கண் கலங்கிவிட்டது. ஜோய் கோபியைப் பெருமையோடு பார்த்தாள். மேசைக்கடியில் ரதி என் காலை மிதித்தாள். அதைப் பாராட்டென்று எடுத்துக்கொண்டேன்.

அங்கே நிறுத்தியிருக்கலாம். ஆனால் வாழ்க்கையில் முதற்தடவையாக வகுப்பில் முதலாம் பிள்ளையாகிவிட்டவனால் எப்படி நிறுத்த முடியும்? புட்டுத் தட்டத்தை என் பக்கம் இழுத்தேன். இரண்டு கையாலும் புட்டை அள்ளி நடுவில் மலையாகக் குவித்தேன். கரண்டிக் காம்பால் படிக்கட்டு வயல் கீறினேன். சம்பலைச் சுற்றிச் சுற்றி ரோட்டாகப் போட்டேன். பிழிந்த எலுமிச்சம் பாதி ஒன்றை எடுத்து, "இதுதான் உங்கட நகரசபை" என்று கீழூரில் வைத்தேன். மேலூர் சரிகிற மண், இருக்க உதவாத இடம், ஆனபடியால் படித்த ஆட்கள் எல்லாரும் கீழே வந்துவிட்டார்கள் என்று, காதில் கேட்டதை அப்படியே ஒப்புவித்தேன். அந்த வரலாற்றை எழுதியவர்கள் கீழூரில் இருந்துகொண்டு எழுதியவர்கள் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. ஒரு குடும்பத்துக்கு ஒரு பக்கம்தானே இருக்கும் என்றும் நினைத்துவிட்டேன். தாசியோவும் லூர்துவும் கீழூர். ரொடெல் மேலூர்.

ரொடெல் கரண்டியை வைத்தார். எட்டி எலுமிச்சையை எடுத்து மலையுச்சியில் வைத்தார். சரிந்தது வேலிமண் மட்டும்தான் என்றார்; கட்டடத்துக்கு ஒரு கீறலும் இல்லை, சனமெல்லாம் வயலில் நின்ற நேரம் பார்த்துக் கீழூரார் மேசை கதிரைகளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். தாசியோ எலுமிச்சையைக் கீழே இறக்கினார். அது ஏறியது. இறங்கியது. பேச்சு ஆங்கிலத்தில் இருந்து அவர்களுடைய பாஷைக்கு மாறியது. லூர்து இருவரையும் அடக்கப்போய்த் தானும் உள்ளே இழுபட்டார். கடைசியில் மணி என்று ஏதோ வர, மூவரும் எழும்பி நின்றார்கள்.

சமாதானம் செய்வது என் கடமை என்று பட்டது. ஆற்றைக் காட்டினால் எல்லை தெளிவாகிவிடும் அல்லவா? சொதிக் கிண்ணத்தைத் தூக்கி மலையின் நடுவே ஊற்றினேன்.

புட்டு நல்ல பதம். ரதியின் புட்டு எப்போதும் அப்படித்தான், உதிர்ந்துவிடும். மேலூர் சரிந்து கீழூரில் விழுந்தது. சொதி தட்டத்தின் விளிம்பைத் தாண்டி, மேசைவிரிப்பால் ஓடி, தாசியோவின் அன்னாசி நாரில் போய் நின்றது.

ரொடெல் ஜோயைப் பார்த்து, போவோம் என்றார். தேதி என்ற சொல்லை அதுவரை யாரும் உச்சரிக்கவே இல்லை. கோபி என்னைப் பார்த்து மெதுவாக, "அப்பா, வொய்?" என்றான். அவன் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஆனால் கனடாவில் மாசி மாதத்தில் யாரும் கோபத்தோடு டக்கென்று வெளியேற முடியாது. கோட்டு இருக்கிறது, மப்ளர் இருக்கிறது, சப்பாத்து இருக்கிறது. வாசலில், தாசியோவைத் தவிர, ஆறு பேரும் நெருக்கியடித்துக்கொண்டு நின்றோம். ரொடெல் வாங்குப் பலகையில் உட்கார்ந்து ஒரு காலில் சப்பாத்தை ஏற்றிவிட்டு, நிமிராமலே கேட்டார்.

"உங்களுடைய ஊரில் நீங்கள் எந்தப் பக்கம்?"

ஆங்கிலத்தில்தான் கேட்டார். ஆனால் அது எங்கள் கேள்வி. என் வாய் தானாகவே கிழக்கு என்றது.

"நான் மேற்கு" என்றாள் ரதி.

பிறகு ரொடெலுக்கு விளக்கம் சொல்பவள்போல, ஆனால் தமிழில், என்னைப் பார்த்துத் தொடங்கினாள். "தேர் இழுக்கேக்கை எங்கட ஆக்களை வடத்திலை கைவைக்க விட்டவையோ உங்கட ஆக்கள்?"

"நேரத்துக்கு வந்தாலெல்லோ விடுறதுக்கு" என்றேன்.

"நேரத்தைக் கள்ளமாய் மாத்தினது ஆர்?"

கலியாணம் குழம்புகிறது என்பது எங்கள் இருவருக்கும் மறந்தே போனது. தேர் எந்தத் தெரு முடக்கில் முதலில் நின்றது, கிழக்கார் கொடுத்த தேங்காய் அழுகலா இல்லையா என்று, வாய் திறக்காதே என்று எனக்குச் சட்டம் போட்ட அதே மனுசி கையை நீட்டி நீட்டிப் பேசினாள். கோபி சுவரில் சாய்ந்து நின்று, தன் வாழ்வு முடிந்துவிட்ட குரலில், வரிக்கு வரி ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தான்.

முதலில் சிரித்தது லூர்து. ரொடெல் ரதியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தன் மனைவியைப் பார்த்தார்.

"அப்ப நீங்களும் ஆறு தாண்டித்தான் கட்டியிருக்கிறியள்" என்றார். (அவர் ஆங்கிலத்தில் சொன்னது என் காதில் இப்படித்தான் விழுந்தது.)

சப்பாத்தைக் கழற்றவில்லை. தேதி அந்த வாசலிலேயே, அவர் ஒரு கால் சப்பாத்தும் ஒரு கால் சொக்ஸுமாக இருக்க, வைக்கப்பட்டது. தாசியோ மட்டும் குளியலறையில் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

கலியாணம் நன்றாக நடந்தது. இப்போது எங்கள் இரண்டு வீட்டிலும் யார் சோற்றைக் குவித்தாலும் உச்சியில் ஒரு எலுமிச்சம் பாதி வந்து உட்கார்ந்துவிடும். யாராவது அதை இறக்கிவைப்பார்கள். ஜோய் உடனே சொதிக் கிண்ணத்தைத் தூக்கி என் கைக்கு எட்டாத இடத்தில் வைப்பாள்.

தாசியோ அந்தச் சட்டையைக் கலியாணத்துக்கும் போட்டுக்கொண்டு வந்தார். மஞ்சள் போகவில்லை; ஆற்றின் போக்கு சரியாகத்தான் இருக்கிறது என்று வயிற்றைத் தடவிக் காட்டினார். சட்டைக் காசை நான் பலமுறை நீட்டிவிட்டேன். லுபாயனுக்கு வந்து, நகரசபைக் கட்டடத்துக்கு முன்னால் நின்று தந்தால்தான் வாங்குவேன் என்கிறார். போகலாம் என்றால் ரொடெல் விடுகிறார் இல்லை. நகரசபையின் உண்மையான இடம் மேலூர்தான், காசு அங்கேதான் கைமாற வேண்டும் என்கிறார். அவர்கள் ஒரு முடிவுக்கு வரும்வரை நான் கடன்காரன்: நூற்று எண்பது டொலர்.