ஆமைக்கு வீடு பார்த்த அணில்

ஒரு காட்டில், குடியிருக்க இடம் தேடுகிறவர்களைவிட இடம் காட்டுகிறவர்கள் அதிகமாகிப்போன ஒரு கோடையில், குழந்தைவேலு என்று ஒரு அணில் இருந்தது. வீட்டுத் தரகு அதன் தொழில்.

கண் விழிக்கும்போதே போன் அடிக்கும். "வீடு இருக்குங்களா?" என்று கேட்பவர்களில் பாதிப் பேருக்கு வீடு வேண்டாம். பக்கத்துப் பொந்தின் வாடகை எவ்வளவு என்று தெரிந்தால் போதும். மீதிப் பேரைக் கூட்டிக்கொண்டு அணில் மரம் மரமாக ஏறி இறங்கும். பார்த்துவிட்டு, "வீட்டுல கேட்டுச் சொல்றேனுங்க" என்பார்கள். அந்த வீட்டில் இருப்பவர்கள் இன்றுவரை பதில் சொன்னதில்லை.

ஓனர்கள் இன்னொரு வகை. பகலில் தூங்குகிறவர்களுக்குத்தான் விடுவேன் என்று ஆந்தை சொல்லும். சுத்த சைவமாக இருக்க வேண்டும் என்று கொக்கு சொல்லும், வாயில் இருக்கிற மீனை ஓரமாக ஒதுக்கிக்கொண்டு. எல்லோரும் ஒத்துப்போகிற விஷயம் ஒன்றே ஒன்றுதான்: பதினோரு மாத அக்ரிமெண்ட். அதற்கு மேல் ஒரு நாள் விட்டாலும் குடிவந்தவர் வீடு தன்னுடையது என்று உட்கார்ந்துவிடுவார் என்று அவர்களுக்குப் பயம்.

அந்தக் கோடையில் மூன்று மாதமாக அணிலுக்கு ஒரு வீடும் முடியவில்லை. அப்போதுதான் நாச்சிமுத்து என்கிற ஆமை வந்தது.

"எனக்கு ஒரு வீடு வேணுமுங்க" என்றது ஆமை.

அணில் அதன் முதுகைப் பார்த்தது. "அண்ணா, வெயில்ல கிண்டல் பண்ணாதீங்க."

"கிண்டல் இல்லீங்க. நான் இருக்கற குட்டையில தண்ணி கழுத்தளவு இருந்தது, இப்ப முட்டியளவு ஆயிப்போச்சு. பெரிய ஏரிக்குப் போலாம்னா, கேட்டுல அடையாள அட்டை கேக்கறாங்க. அட்டைக்கு ஃபாரம் குடுத்தேன். நிரந்தர முகவரி வேணும், ஓனர் கையெழுத்து வேணும்னுட்டாங்க."

"முதுகைக் காட்ட வேண்டியதுதானே?"

"காட்டினனுங்க. நடமாடற கட்டடத்துக்குக் கதவு நம்பர் கிடையாதாம். கிளார்க் ஒரு நத்தைங்க. 'சார், உங்க முதுகுல இருக்கறது?'ன்னு கேட்டேன். 'இது குவார்ட்டர்ஸ்'னு சொல்லிட்டாரு."

அணிலுக்கு மனசு இளகிவிட்டது. "கவலைப்படாதீங்கண்ணா. குட்டை வத்தறதுக்குள்ள உங்களுக்கு ஒரு விலாசம் வாங்கித் தர்றது என் பொறுப்பு" என்று வாக்குக் கொடுத்தது.

வாக்குக் கொடுப்பது சுலபம். ஆமைக்கு ஒரு வீட்டைக் காட்டப் போக இரண்டு நாள் ஆகும் என்பதை அணில் யோசிக்கவில்லை. அது முன்னால் ஓடும், மரத்தடியில் உட்காரும், ஒரு தூக்கம் போடும், எழுந்து பார்த்தால் ஆமை அதே புதரைத் தாண்டிக்கொண்டிருக்கும்.

முதலில் முள்ளம்பன்றி வீட்டுக்குப் போனார்கள். கதவைத் திறந்த முள்ளம்பன்றி ஆமையைப் பார்த்ததும் முள்ளெல்லாம் நட்டுக்கொள்ள நின்றது.

"ஏண்டா குழந்தைவேலு, உனக்கு நான் என்ன கெடுதல் பண்ணினேன்? ஆமையைக் கொண்டாந்து வாசல்ல நிறுத்தறயே!"

ஆமை உள்ளே வந்துவிட்டால் அந்தக் குடும்பம் தலையெடுக்காது என்று அந்தக் காட்டில் ஒரு பயம். எந்தக் குடும்பம் அப்படிப் போனது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. ஆனால் பயம் மட்டும் எல்லா வீட்டிலும் இருந்தது, அட்வான்ஸ் இல்லாமல்.

"அக்கா, இந்தக் காலத்துல போய் இதையெல்லாம் நம்பறீங்களா? நான் நம்பறதே இல்லீங்க" என்றது அணில்.

"நீ நம்பாட்டிப் போ. வாசப்படி என்னுது" என்று முள்ளம்பன்றி மஞ்சத்தண்ணியைக் கரைத்துப் படியில் ஊற்றியது. அதில் கொஞ்சம் ஆமையின் மேலும் பட்டது. "தண்ணி குளுகுளுன்னு இருக்குதுங்க" என்றது ஆமை.

இரண்டாவதாக நரியின் வளை. மூன்று வருஷமாகக் காலியாகக் கிடக்கிறது. ஆனாலும் நரி வாடகையை ஒரு நாவல்பழம்கூடக் குறைத்ததில்லை. "பூட்டிப் போட்டாலும் போடுவேன், குறைக்க மாட்டேன்" என்று காடு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தது.

இவர்கள் போய்ச் சேர்ந்தபோது நரி வெளியே போயிருந்தது. நடந்த களைப்பில் ஆமை வாசலில் தலையை உள்ளே இழுத்துக்கொண்டு தூங்கிவிட்டது. திரும்பி வந்த நரி, தன் வாசப்படிக்கு ஒரு சாண் தள்ளிக் கிடந்த ஆமையைப் பார்த்துவிட்டு அணிலைத் தனியே இழுத்தது.

"தம்பி, இதை எப்படியாவது எழுப்பிக் கூட்டிட்டுப் போயிரு. நீ எந்தப் பார்ட்டியைக் கூட்டிட்டு வந்தாலும் பாதி வாடகைக்கு விடறேன். ஆமை மட்டும் வேண்டாம்."

ரொம்ப நாளாக அந்த வளையைக் கேட்டுக்கொண்டிருந்த முயல் குடும்பம் அன்று சாயங்காலமே பால் காய்ச்சியது. மூன்று மாதத்தில் அணிலுக்கு முடிந்த முதல் வீடு.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லவே எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. அணில் கெட்டது இல்லை. ஆனால் தொழில் நன்றாக நடக்கும்போது நல்லவர்களுக்கு யோசிக்க நேரம் கிடைப்பதில்லை.

எந்த ஓனர் வாடகையை ஏற்றிச் சொன்னாலும் அணில் வாதாடாது. வாலைத் தடவிக்கொண்டே மெதுவாகச் சொல்லும்: "சரிங்க. நாளன்னைக்கு ஒரு பார்ட்டி வருவாரு. மெதுவாத்தான் வருவாரு. கல்லு மாதிரி ஆளு." ஓனருக்கு அதற்குள் வியர்த்துவிடும். ஆமை பாதி வழி நடப்பதற்குள் வீடு வேறு யாருக்கோ முடிந்திருக்கும். ஆமையைப் பாதியில் நிறுத்தி, "அண்ணா, ஒரு நிமிஷத்துல கை மாறிப்போச்சு. அடுத்தது உங்களுக்குத்தான்" என்று சொல்லித் திருப்பிவிடும்.

"சரிங்க" என்று ஆமை திரும்பும். திரும்புவதற்கே அரை நாள்.

அணில் வளர்ந்தது. உச்சாணிக் கிளைக்கு ஏறி வரப் பார்ட்டிகள் கஷ்டப்படுகிறார்கள் என்று ஆலமரத்தின் அடிப்பொந்தைச் சொந்தமாகவே வாங்கியது. வீடும் அதுதான், ஆபீசும் அதுதான். வாசலில் போர்டு: 'குழந்தைவேலு ரியல் எஸ்டேட். கதவு எண் 1, ஆலமர அடிப்பொந்து.' குட்டையில் தண்ணீர் முட்டியிலிருந்து கணுக்காலுக்கு வந்திருந்தது.

ஒரு நாள் ஆமை நரி வளைப் பக்கமாக நடந்துகொண்டிருந்தபோது முயல் ஓடிவந்து கும்பிட்டது.

"அண்ணா, உங்க புண்ணியத்துலதான் பாதி வாடகைக்கு வீடு கிடைச்சது. நீங்க மட்டும் அன்னைக்கு வாசல்ல படுக்கலைன்னா நரி இறங்கி வந்திருக்குமா? அணிலண்ணன் இப்ப எல்லா வீட்டையும் உங்களைச் சொல்லித்தான் முடிக்கறாரு."

ஆமை திரும்பி நடந்தது. கோபப்பட அதற்கு நேரமாகும். ஆலமரம் வரை நடப்பதற்கு அந்த நேரம் சரியாக இருந்தது.

அது வந்து சேர்ந்தபோது குட்டையில் சேறுதான் மிச்சம். பொந்துக்குள் அணில் போனில் யாரிடமோ, "கல்லு மாதிரி ஆளுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தது.

"ஏனுங்க" என்றது ஆமை.

"அடடே, நாச்சிமுத்தண்ணா! அங்கயே நில்லுங்க, நானே வெளிய வர்றேன்."

"இல்லீங்க, வெயிலா இருக்குது. உள்ள வந்து பேசறேன்." ஆமை வலது முன்னங்காலைத் தூக்கியது. ஆமை கால் தூக்குவது எவ்வளவு நேரமாகும் என்று உங்களுக்குத் தெரியும். அந்த நேரம் முழுக்க அணில் அந்தக் காலையே பார்த்தது. கால் வாசப்படிக்கு மேலே வந்ததும் அலறியது.

"வேண்டாம்! வெக்காதீங்க!"

"நீங்கதான் இதெல்லாம் நம்பறதில்லையே."

"நம்பலீங்க! சத்தியமா நம்பலை! ஆனா பிசினஸ்... பிள்ளைகுட்டி இருக்கற இடம்... தயவுபண்ணி வெக்காதீங்கண்ணா!"

கால் அந்தரத்திலேயே நின்றது. ஆமை இன்னொரு காலால் ஓட்டுக்குள்ளிருந்து ஃபாரத்தை எடுத்து நீட்டியது. "ஓனர் கையெழுத்து இங்கீங்க."

அணில் என்ன எழுதியிருக்கிறது என்றுகூடப் படிக்காமல் மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டது. ஆமை "ரொம்ப சந்தோசமுங்க" என்று காலைக் கீழே வைத்தது, படிக்கு வெளியேதான். பிறகு நத்தையின் ஆபீசைப் பார்த்து நடந்தது. அணில் உடனே மஞ்சத்தண்ணி கரைத்து வாசப்படியை மூன்று தடவை கழுவியது. யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தது.

ஆமைக்கு அட்டை கிடைத்தது. ஏரி கிடைத்தது. ஆனால் ஆபீசுக்கு வழக்கம் என்று ஒன்று இருக்கிறதே, அட்டையின் நகலை முகவரிக்குத் தபாலில் அனுப்புவார்கள். தபால்காரக் காக்கா ஆலமரத்தடியில் நின்று தொண்டை கிழியக் கூப்பிட்டது:

"நாச்சிமுத்து ஆமை! கதவு எண் ஒன்னு, ஆலமர அடிப்பொந்து! இந்த வீட்டுக்காரர் யாருங்க?"

அன்றைக்கு அட்வான்ஸ் கொடுக்க வந்திருந்த மயில் படியிலிருந்தே திரும்பிப் போனது. அடுத்த நாள் போன் அடிக்கவில்லை. அதற்கடுத்த நாள் அணிலின் மனைவியே குட்டிகளைக் கூட்டிக்கொண்டு அம்மா மரத்துக்குப் போய்விட்டாள். வேறு வீடு பார்க்கலாம் என்று அணில் நரியிடம் போய் நின்றது.

"இப்ப எங்க இருக்கறே?" என்று கேட்டது நரி.

"ஆலமர அடிப்பொந்துலீங்க."

"ஆமை வீட்டுலயா?" நரி கதவைச் சாத்தியது. உள்ளே மஞ்சள் கரைக்கிற சத்தம் கேட்டது.

கடைசியில் அணில் ஏரிக்கரைக்கே ஓடியது. அட்டை இல்லாததால் கேட்டுக்கு வெளியே நின்றபடி கத்தியது. "அண்ணா! உங்களுக்குப் புண்ணியமாப் போகும். முகவரியை மாத்திக் குடுத்துருங்க. ஒரு ஃபாரம்தான்!"

கழுத்தளவு தண்ணீரில் மிதந்துகொண்டிருந்த ஆமை கண்ணைத் திறந்தது.

"மாத்திரலாமுங்க. ஆனா அதுக்கு வேற ஒரு வீடு வேணுமே. நீங்கதான் பார்த்துச் சொல்லணும். அவசரம் ஒண்ணும் இல்லீங்க."

நீதி: மூடநம்பிக்கையை வைத்துத் தாராளமாகத் தொழில் செய்யலாம். ஆனால் பதினோரு மாத அக்ரிமெண்ட் போடாமல் அதை மனதுக்குள் குடிவைக்கக் கூடாது.