உதவுமுன் எடுத்த படம்

பிள்ளைகளுக்குக் கருணை தானாக வந்துவிடுவதால் அதில் ஓர் ஒழுங்கு இல்லை என்று மேலிடம் கண்டுபிடித்தது. ஒருவன் விழுந்தால் நாலு பேர் ஓடிப்போய்த் தூக்கி, டவுசர் மண்ணைத் தட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். ஆதாரம் எங்கே?

ஆகவே, சங்கரன்கோவிலில் என் மகள் ப்ரியதர்ஷினி மூன்றாம் வகுப்பு படிக்கும் பள்ளிக்கும் 'கருணைச் செயலி' வந்து சேர்ந்தது. ஒவ்வோர் உதவிக்கும் மூன்று படம் ஏற்ற வேண்டும்: உதவுமுன், உதவும்போது, உதவியபின். முதல் படம் ஏறினால்தான் இரண்டாவதற்கு வழி திறக்கும்.

அன்று சாயங்காலம் பிள்ளையைக் கூப்பிடப் போயிருந்தேன். என்னைப் பார்த்ததும் ஓடிவந்தவள் குழாயடியில் வழுக்கி விழுந்தாள். முட்டி கிழிந்து ரத்தம். அபிஷேக் என்ற பையன் தூக்கப் பாய்ந்தான்.

"ஏலே, தொடாத! மொத போட்டோ இன்னும் ஏறல" என்று கத்தினார் மாலதி டீச்சர். பக்கத்திலேயே கருணைக் கண்காணிப்பு அலுவலர் சிவராமலிங்கம் நின்றுகொண்டிருந்தார். பாவம், டீச்சர் வேறென்ன செய்வார்?

"டீச்சர், ரத்தம் வருது. நான் தூக்கிக்கிடுதேன்" என்றேன் கேட்டுக்கு வெளியே இருந்து.

"நீங்க வராதீங்க அண்ணாச்சி. பெத்தவங்க தூக்குனா அது பாசம். கருணைல சேராது."

ஊரில் ஆடித்தபசுத் திருவிழா; அந்தக் கூட்டத்தில் செல்போன் டவர் திணறியது. செயலி சுற்றிக்கொண்டே இருந்தது. மகளுக்கு அழுதே அலுத்துவிட்டது.

"அழுகைய நிறுத்திராத மக்கா, இன்னும் ஏறல" என்றார் டீச்சர்.

"போனை இங்கன கொடுங்க" என்று வாங்கிய அலுவலர், சிக்னல் தேடி அண்ணாந்தபடியே நடந்து, அதே குழாயடியில் மல்லாக்க விழுந்தார்.

பிள்ளைகள் 'உதவுமுன்' படத்துக்காகப் பயிற்சியில் சொன்னபடி வட்டமாக நின்று, கையைக் கட்டி, முகத்தை வாட வைத்துக்கொண்டார்கள். பயிற்சியை மறந்தவள் என் மகள் மட்டும்தான். நொண்டிக்கொண்டே எழுந்துபோய் அவர் கையைப் பிடித்தாள்.

"ஏட்டி, தொடாத!" என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு அலறினார் அவர். "மொத போட்டோ எடுத்தாச்சா?"

கேட்டுக்கு வெளியே நின்ற பெற்றோர் நாங்களும் சும்மா இருக்கவில்லை. ஆளுக்கொரு போனைத் தூக்கிப் பிடித்தோம். என்னுடையது வேறு கம்பெனி சிம், உடனே ஏறிவிட்டது. வீடு போய்ச் சேருவதற்குள் எத்தனை லைக்!

பிள்ளை முட்டிக்கு மருந்து போட மறுநாள்தான் ஞாபகம் வந்தது.