மேனேஜரின் இடது பக்கம்

அன்பும் மதிப்பும் மிக்க மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தையும் சௌக்கியம். அங்கே நீங்களும் என் மகளும் சௌக்கியமாக இருப்பதை, அவள் தன் அம்மாவிடம் தொலைபேசியில் பேசும்போது பக்கத்து அறையில் நின்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். கடிதம் ஏன் அலுவலக முகவரிக்கு வந்திருக்கிறது என்று நீங்கள் திகைக்க வேண்டாம். வீட்டுக்கு அனுப்பினால் உறையைப் பிரிப்பவர் நீங்களாக இருக்க மாட்டீர்கள். படித்து முடித்தபின் இதை அவளிடம் எந்த நேரம் பார்த்து, எவ்வளவு தூரத்தில் நின்று சொல்வது என்பதை உங்கள் சாமர்த்தியத்துக்கே விட்டுவிடுகிறேன்.

விஷயம் மேனேஜரைப் பற்றியது. மேனேஜர் என்றால் என் பழைய கம்பெனி மேனேஜர் அல்ல. கல்யாணமாகிக் கிளம்பும்போது "கொஞ்ச நாள் பாத்துக்கோங்கப்பா" என்று என் மகள் எங்களிடம் விட்டுப்போன பூனை. ஒரு வேலையும் செய்யாமல் மற்றவர்கள் வேலை செய்வதை உட்கார்ந்து பார்ப்பதால் அவள் வைத்த பெயர் அது. பூனையைக் கண்டால் நீங்கள் காலைத் தூக்கி நாற்காலிமேல் வைத்துக்கொள்வீர்கள் என்பது எனக்குத் தெரியும். இருந்தும் அடுத்த சனிக்கிழமை நீங்கள் ஒரு கூடையோடு வந்து மேனேஜரை உங்கள் வீட்டுக்கு அழைத்துப்போக வேண்டும் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். காரணத்தைச் சொன்னால் என்மேல் உங்களுக்கு இருக்கும் மரியாதை குறையும். சொல்லாவிட்டால் அத்தை சொல்லுவாள், அப்போது மிச்சமும் போய்விடும்.

நான் மாத்திரைத் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. வேலையில் இருந்த காலம் முழுக்க, தும்மினால் ஒரு மாத்திரை, தும்மல் வரும்போல் இருந்தால் இன்னொரு மாத்திரை என்று வாழ்ந்தவன், ஓய்வு பெற்ற கையோடு மாத்திரை என்றாலே விஷம் என்று ஊருக்கெல்லாம் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். ஓய்வூதியத்தை மட்டும் பழைய இடத்திலேயே வாங்கிக்கொண்டேன். செல்போனில் யாராவது ஒரு இலையைக் கையில் பிடித்துக்கொண்டு பேசினால் போதும், படுத்திருப்பவன் எழுந்து உட்கார்ந்துவிடுவேன். அந்தச் சமயம் பார்த்து மேனேஜருக்கு இடது காதுக்குப் பின்னால் காசு அளவுக்கு முடி கொட்டியது. கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போனேன். இளம் பெண், பொறுமைசாலி. "பூஞ்சைத் தொற்று சார். இந்தக் களிம்பைக் காலைலயும் சாயங்காலமும் தடவுங்க. நக்காம இருக்க கழுத்துல இந்தப் புனலை மாட்டிவிடுங்க" என்றார். நன்றி சொல்லி வாங்கிவந்து, களிம்பை மேசை இழுப்பறையில் தீர்ந்துபோன பேட்டரிகளுக்குப் பக்கத்தில் பத்திரமாக வைத்தேன். புனலில் அத்தை எண்ணெய் ஊற்றப் பார்த்தாள், ஓட்டை பெரிது என்று விட்டுவிட்டாள்.

முதலில் வேப்பிலையை அரைத்துப் பூசினேன். மேனேஜர் அதை நக்கியது. நக்கிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தது. அந்த மாதிரிப் பார்வையை நான் முன்பு ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன், ஒரு லாரி நிறைய மாத்திரைக்கு முத்திரையை மாற்றிக் குத்தி அனுப்பிய அன்று, உண்மையான மேனேஜரிடம். வாயெல்லாம் நுரை தள்ள அலமாரி உச்சியில் ஏறி உட்கார்ந்துகொண்டது, சாப்பாட்டுக்கு மட்டும் இறங்கியது, அதுவும் நான் அறையில் இல்லாதபோது. இதற்கிடையில் உங்கள் வீட்டிலிருந்து வீடியோ அழைப்பு வரும். மேனேஜரைக் காட்டு என்பாள் மகள். நான் கேமராவைப் பிடித்துக்கொண்டு அலமாரியைச் சுற்றிச் சுற்றி வந்து வலது பக்கமாகவே காட்டுவேன். "ஏம்ப்பா எப்பவும் அந்தப் பக்கத்தையே காட்டுறீங்க?" என்று ஒருநாள் கேட்டாள். "அதுக்கு அந்தப் பக்கம்தான் களை" என்றேன். பின்னால் நீங்கள் தலையாட்டியது தெரிந்தது. அந்த ஆதரவை நான் மறக்கவில்லை.

இனி கஷாயம் வருகிறார். காலையில் என்னோடு நடக்க வருபவர், வங்கியில் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவர், எதைச் சொன்னாலும் ஒரு கஷாயம் சொல்வதால் நாங்கள் வைத்த பெயர். மேனேஜரின் கதையைக் கேட்டுவிட்டு அவர், "வேப்பிலையெல்லாம் எதுக்கு சார், குப்பைமேனி இருக்கே. சுவரோரம் அதுவா மொளைச்சுக் கெடக்கு. சொறி, சிரங்கு எல்லாத்துக்கும் அதோட இலைதான். அதுலயும் பூனைன்னா அந்தச் செடிக்கு உயிரையே விடும்" என்றார். ஏன் விடும் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அதற்குப் பதிலாக, இலையே இவ்வளவு நல்லது என்றால் மண்ணுக்குள் இருக்கும் வேர் எவ்வளவு நல்லதாக இருக்கும் என்று என் மூளை கணக்குப் போட்டது. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருந்த செடிகளையெல்லாம் வேரோடு பிடுங்கி, ஒரு சாக்கு நிறையக் கொண்டுவந்து, பாதியை அத்தையின் மிக்ஸியில் அரைத்தேன், பாதியைப் பால்கனிக் கொடியில் துணிகளுக்கு நடுவே கட்டித் தொங்கவிட்டேன். அத்தை மிக்ஸி ஜாரை எடுத்து என் செருப்புக்குப் பக்கத்தில் வைத்தாள்.

மாப்பிள்ளை, பூனை அலமாரியிலிருந்து தானாக இறங்கிவந்தது. வேரை முகர்ந்தது. கண்ணைப் பாதி மூடிக்கொண்டு தரையில் அப்படியும் இப்படியும் புரண்டது, கன்னத்தைத் தேய்த்தது, கடைசியில் என் காலில் தலையை வைத்துப் படுத்தது. இத்தனை நாளில் அது என் காலில் தலை வைத்ததே இல்லை. நானும் மனுஷன்தானே, கண் கலங்கிவிட்டது. மருந்து வேலை செய்கிறது என்று முடிவு செய்து, எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் "இயற்கை வென்றது" என்று படத்தோடு போட்டேன், வலது பக்கப் படம்தான். அன்று சாயங்காலமே பால்கனியில் ஒரு சாம்பல் நிறப் பூனை வந்து நின்றது. விருந்தாளி என்று நினைத்தேன். பிறகு தண்ணீர்க் குழாயைப் பிடித்து ஏறி ஒன்று, மாடிப்படி வழியாக ஒன்று, எதிர்வீட்டுச் சன்னல் விளிம்பு வழியாக ஒன்று. காலையில் கதவைத் திறந்தால் கால் வைக்க இடமில்லை. கொடியில் காய்ந்த அத்தையின் புடவை கிழிந்து கீழே கிடந்தது, அதன்மேல் தெருப் பூனைகள் எல்லாம் மெய்மறந்து புரண்டுகொண்டிருந்தன.

எங்கள் எதிர்வீட்டுக்காரர் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர். பூனை முடி பட்டால் அவருக்குத் தும்மல் நிற்காது. வீட்டுக்கு ஒரு பிராணி, அதுவும் மற்றவருக்குத் தொல்லை தராத பிராணி என்ற விதியின்படி மேனேஜரைப் பெரிய மனசு பண்ணி அனுமதித்தவரும் அவரே. அவர் ஞாயிற்றுக்கிழமை வாகன நிறுத்தத்தில் அவசரக் கூட்டம் போட்டார். நானும் தயாராகப் போனேன். அத்தை துவைத்த சட்டையை எடுத்து வைத்திருந்தாள். நான் முந்தின நாள் வேர் அரைத்த சட்டையையே போட்டுக்கொண்டேன், ஏனென்றால் அதன் பையில் ஒரு வேர்த்துண்டு இருந்தது, நடுவில் மூலிகையின் மகிமையைப் பற்றி நாலு வார்த்தை பேசலாம் என்று ஒரு நினைப்பு. செயலாளர், "மூணாவது மாடிக்காரர் வளர்க்கற பூனைங்களால" என்று ஆரம்பித்ததும் எழுந்தேன். "தப்பா சொல்லாதீங்க. எங்க வீட்ல இருக்கறது ஒரே ஒரு பூனை. அது வாசப்படிய தாண்டினதே இல்ல" என்றேன். சொல்லி வாயை மூடவில்லை, இறைச்சிக் கடைக் கறுப்புப் பூனை வந்து என் காலில் உரசியது. பின்னாலேயே தையல்காரர் வீட்டுப் பூனை, வாலில் ஒரு நூலை இழுத்துக்கொண்டு. அதற்கப்புறம் வந்தவற்றை எனக்கு அடையாளம் தெரியாது. கீழ் வீட்டு அம்மா, "சார், இதுல உங்க பூனை எது?" என்று கேட்டார். "எதுவுமே இல்லம்மா" என்றேன். அது சத்தியமான உண்மை, ஆனால் காலில் ஒன்றும் தோளில் ஒன்றுமாக நின்று சொன்னதால் யாரும் நம்பவில்லை. அந்த நேரத்தில்தான், வாசல்படியைத் தாண்டாத மேனேஜர், மற்ற பூனைகள் என்னிடம் கொஞ்சுவது பொறுக்காமலோ என்னவோ, மாடிப்படியில் இறங்கி, இடது பக்கத்தைச் சபைக்கு நன்றாகக் காட்டியபடி வந்து சேர்ந்தது. பூனையை வெளியேற்ற வேண்டும் என்பவர்கள் கை தூக்கலாம் என்று தும்மலுக்கு நடுவே செயலாளர் சொன்னார். தோளில் இருந்த பூனை தலைக்கு ஏறப் பார்த்தது, அதை இறக்க நானும் கையைத் தூக்கினேன். அதையும் சேர்த்து எண்ணிவிட்டார்கள். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. மாதக் கடைசிக்குள் மேனேஜர் இந்தக் கட்டடத்தில் இருக்கக் கூடாது.

மறுநாள் பார்த்தால் காசு அளவு இருந்த வழுக்கை கழுத்துவரை இறங்கி, தோல் சிவந்து கிடந்தது. அதே சட்டையோடு மருத்துவரிடம் ஓடினேன். காத்திருக்கும் அறையில் கூடைகளுக்குள் இருந்த பூனைகளெல்லாம் நான் உட்கார்ந்த பக்கமாக வந்து ஒட்டிக்கொண்டன. மருத்துவர் என் சட்டையை முகர்ந்து பார்த்தார். "குப்பைமேனி வேரா சார்? அந்த வாசனைக்குப் பூனைங்க கிறங்கிப்போயிடும். இது குணமாகல சார், குஷியா இருந்திருக்கு. தரையில பொரண்டு பொரண்டுதான் இவ்வளவு பெருசாயிருக்கு" என்றார். இயற்கை முறையில் செய்ததுதானே என்று மெல்ல இழுத்தேன். "பூனை நாள் பூரா உடம்ப நக்கிட்டே இருக்கும். நீங்க வெளிய பூசறது எல்லாம் உள்ளதான் போகும். மனுஷனுக்கு ஒத்துக்கறது அதுக்கு ஒத்துக்கணும்னு இல்ல. நான் இலைக்கு எதிரி கெடையாது, குடுக்கறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்க. பூண்டு ஏதும் குடுக்கலையே?" என்று கேட்டார். இல்லை என்றேன். "நல்ல வேளை. பூனைக்கு அது விஷம்" என்றார். மறுநாள் வைத்தியத்துக்காக உரித்த பூண்டு வீட்டில் ஒரு கிண்ணத்தில் இருந்தது, மாப்பிள்ளை. அறிவு இல்லாதது பெரிய குற்றமில்லை, இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு ஒரு வாயில்லா ஜீவனிடம் போவதுதான் குற்றம் என்று அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து நினைத்துக்கொண்டேன்.

இப்போது களிம்புதான். புனலும் மாட்டியிருக்கிறேன். புது முடி, பள்ளிக்கூடப் பையனின் மீசைபோல லேசாக முளைத்திருக்கிறது. அந்தத் தொற்று என் முன்கையிலும் வட்டமாக ஒரு படையாக வந்துவிட்டது. அதற்கு வேறு டாக்டர், மனிதர்களுக்கான டாக்டர், மாத்திரை எழுதித் தந்தார். அட்டையைத் திருப்பிப் பார்த்தேன், எங்கள் கம்பெனி. தண்ணீர் ஊற்றி மரியாதையாக விழுங்கினேன்.

ஆகவே சனிக்கிழமை வந்துவிடுங்கள். எனக்கு இதில் வருத்தம் ஒன்றும் கிடையாது. பூனைதானே. அங்கே வந்தபின் குழாயைச் சொட்டவிட்டால்தான் அது தண்ணீர் குடிக்கும், கிண்ணத்தில் வைத்தால் கையை விட்டுப் பார்த்துவிட்டுப் போய்விடும். நீங்கள் செய்தித்தாள் படிக்க விரித்தால் அதன்மேல் படுக்கும், தள்ளக் கூடாது, படுத்தது போக மிச்சம் தெரியும் செய்தியைப் படித்துக்கொள்ளலாம். களிம்பு தடவும்போது ஏதாவது பேசிக்கொண்டே தடவ வேண்டும், நான் பழைய அலுவலகக் கதைகளைச் சொல்வேன், அதைத் தவிர வேறு யாரும் அவற்றை முழுசாகக் கேட்டதில்லை. நான் நடந்துவிட்டுத் திரும்பும்போது கதவுக்கு உள்பக்கம் உட்கார்ந்திருக்கும். இனி இருக்காது, அவ்வளவுதான் வித்தியாசம். வேலையை விட்டு வந்தபிறகு நான் வருவதற்காக யாராவது உட்கார்ந்திருப்பது பழகிவிட்டது, அதைத்தான் கொஞ்சம் மாற்றிக்கொள்ள வேண்டும்.

உங்கள் இருவருக்கும் நோயில்லாத உடம்பும், கேட்காமல் யோசனை சொல்ல ஆள் வராத வீடும் வாய்க்க வேண்டும் என்று மனதார வாழ்த்துகிறேன். உங்கள் பெற்றோருக்கு என் வணக்கத்தைத் தெரிவிக்கவும். உங்கள் அம்மாவுக்கு முழங்கால் வலிக்குப் போன தடவை நான் எழுதிக்கொடுத்த இலையை அவர்கள் இன்னும் தேடிக்கொண்டிருந்தால், தேட வேண்டாம் என்று சொல்லவும்.

இப்படிக்கு,
அன்புள்ள மாமனார்

பின்குறிப்பு: மேலே எழுதியதைத் தயவுசெய்து மறந்துவிடவும், கூடை கொண்டுவர வேண்டாம். உறையை ஒட்டுவதற்குள் அத்தை இதை எடுத்துப் படித்துவிட்டாள். கடைக்குப் போகிறேன் என்று கிளம்பி இந்த வாரம் முழுக்க வெறும் பையோடு திரும்பியவள், உண்மையில் வீடு பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாள். தரைத்தளம், பின்னால் கொஞ்சம் மண், வீட்டுக்கார அம்மாவே இரண்டு நாய் வளர்க்கிறார். முன்பணமும் கொடுத்தாயிற்று. சனிக்கிழமை நீங்கள் அவசியம் வர வேண்டும், அலமாரியைத் தூக்க ஆள் தேவை. மேனேஜர் எங்களோடுதான் வருகிறது என்பதை மகளிடம் நீங்கள்தான் பக்குவமாகச் சொல்ல வேண்டும். பூனை வந்த நாளிலிருந்து சோற்றில் முடி, துணியில் முடி என்று புலம்பியவள் அத்தைதான் என்பதால், "பூனைக்காகவா வீடு மாத்தற?" என்று கேட்டேன். அவள் மேனேஜரை மடியில் போட்டுக் களிம்பு தடவிக்கொண்டே, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னாள்: "பூனைக்காக இல்ல. இதையும் அனுப்பிட்டா, உங்க வைத்தியத்துக்கு இந்த வீட்ல மிச்சம் இருக்கறது நான் ஒருத்திதான்."