லண்டன் புள்ளைக்குப் போணி

லண்டன் பாடகி ஒருத்திக்காக மிளகு வியாபாரத்தையே நிறுத்திவைத்த மனிதர் இந்தப் பூமியில் ஒருத்தர்தான் இருக்க முடியும். அவர் எங்கள் ஏற்காட்டுக் கடைத்தெருவின் மிளகு பாய். நிஜப் பெயர் அவருடைய ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும். ஆங்கிலத்தில் பெப்பர், காபி, குட் மார்னிங் மூன்றோடு சரி.

நான் அப்போது பக்கத்து லாட்ஜில் ரிசப்ஷனிஸ்ட். ஒரு மழை நாளில் பெங்களூர் ஜோடி ஒன்று பாய் கடையில் ஒதுங்கியது. சும்மா நிற்காமல் போனில் பாட்டு வைத்தார்கள். "யாருங்க இந்தப் புள்ள?" என்று பாய் கேட்டார். "லண்டன் பொண்ணு அங்கிள். சின்ன வயசு. தானே எழுதித் தானே பாடுது. இதுதான் முதல் ஆல்பம்" என்றார்கள். 'முதல்' என்ற ஒன்றைத் தவிர வேறெதுவும் பாய் காதில் ஏறவில்லை.

எங்கள் தெருவில் யார் புதுக்கடை போட்டாலும் முதல் போணி பாய்தான். பேரம் பேச மாட்டார், தனக்குத் தேவையா என்றும் பார்க்க மாட்டார். பேன்சி ஸ்டோர் திறந்த அன்று வழுக்கைத் தலையோடு போய் ஒரு டஜன் ஹேர்பின் வாங்கி வந்தவர். லண்டனில் ஒரு சின்னப் பெண் தனியாகக் கடை போட்டிருக்கிறாள் என்று தெரிந்த பிறகு சும்மா இருப்பாரா? ஆல்பத்தில் இருந்த பதினொரு பாட்டையும் அந்த ஜோடியையே தன் போனில் ஏற்றித் தரச் சொன்னார். மறுநாளே சேலத்துக்கு இறங்கி ஒரு ஸ்பீக்கர் வாங்கி வந்துவிட்டார்.

அதற்கப்புறம் அவரிடம் மிளகு வாங்குவது லேசுப்பட்ட காரியமில்லை. ஒரு பாட்டை முழுசாகக் கேட்டால்தான் தராசைத் தொடுவார்.

"ஏனுங்க பாய், பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க!" என்று பதறினார் குப்பனூர்க்காரர் ஒருவர்.

"அடுத்த பஸ்ஸு வருமுங்க. நாம கேக்காட்டி, அந்தப் புள்ளையப் பாட்ட நிறுத்தச் சொல்லி வீட்டுல சொல்லிப்போடுவாங்க. அப்புறம் கட்டிக் குடுத்துட்டா அடுப்படிதான். நொம்பப் பாவமுங்க."

நடிப்பில்லை, நிஜமாகவே கவலைப்பட்டார். கடை சாத்தும்போது என்னிடம், "இன்னைக்குப் பதினாலு பேரு கேட்டாங்க கண்ணு. லண்டனுக்குப் பத்துமா?" என்பார்.

பாட்டுக்குப் பொருள் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. பதினொன்றில் ஏழு, ஏமாற்றிவிட்டுப் போன காதலனைப் பற்றியவை.

"ஏழுக்கும் ஒரே பையனா?"

"அப்படித்தான் தெரியுதுங்க பாய்."

"நாசமாப் போறவன்!"

அடுத்த வாரமே கிடார் மாட்டிய வெள்ளைக்காரப் பையன் ஒருவன் மிளகு கேட்டு வந்தான். பாய் அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கையை விரித்தார். மூன்று மூட்டை மிளகு அவன் கண்ணெதிரே இருந்தது. "பாய், இவன் எங்க லாட்ஜுலதான் தங்கியிருக்கான். ஜெர்மன்காரன்" என்றேன். "மூஞ்சியப் பாரு கண்ணு. செஞ்சிருப்பான்" என்றார்.

அந்தப் பெண் உலகப் பிரசித்தம் என்பது எனக்கு முதல் வாரமே தெரியும். சொல்லத்தான் வாய் வரவில்லை. எதிரே தேன் விற்கும் கனகா அக்காவும், "சொல்லிப்போடாத சாமி, மனுசன் ஒடஞ்சு போயிருவாரு" என்று தடுத்துவிட்டார்.

சீசனில் குட்டு உடைந்தது. காலேஜ் பெண்கள் பத்துப் பேர் கடைக்கு வந்தார்கள். பாய் வழக்கம்போல, "பொறுமையாக் கேளுங்க சாமி, புதுசாப் பாடுற புள்ள" என்று பாட்டைப் போட்டார். பத்துப் பேரும் ஒரு வார்த்தை விடாமல் கூடவே பாடினார்கள். பாய் கையிலிருந்த முறம் அப்படியே நின்றது.

"உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?"

"அங்கிள், உலகத்துக்கே தெரியும்! இவங்க கச்சேரிக்கு டிக்கெட்டே கிடைக்காது!"

பாய் ஸ்பீக்கரை அணைத்தார். என் பக்கம் திரும்பினார். "உனக்குத் தெரியுமா?"

"தெரியுங்க பாய். நீங்க வருத்தப்படுவீங்கன்னு..."

"அட கிறுக்கா! புள்ள பொழச்சுக்குச்சுன்னு சொல்றதுக்கு எவனாச்சும் பயப்படுவானா? தொழுகைக்குத் தொழுகை அதுக்குத் துவா கேட்டுட்டு இருக்கேன்!" துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டே பெண்களுக்கு ஆளுக்கொரு ஏலக்காய்ப் பொட்டலம் சும்மா கொடுத்தார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

மறுநாள் கடையில் பாட்டு இல்லை. ஏன் என்று கேட்டேன். "அதான் கடை நல்லா ஓடுதே, இனி நாம எதுக்கு?" என்றவர், மிளகைப் புடைத்துக்கொண்டே, "ஏன் கண்ணு, உன் ரூமுல புஸ்தகக் கட்டு ஒண்ணு பிரிக்காமக் கெடக்குதாமே? கனகா சொல்லுச்சு. நீ எழுதுன கதையா?" என்று கேட்டார்.

"ஆமாங்க பாய்."

"மொதப் புஸ்தகமா?"

தலையாட்டினேன். யாரும் சீண்டாத புத்தகம் அது.

"கட்டோட கொண்டா."

அன்றிலிருந்து மிளகு வாங்க வந்தவர்களெல்லாம் என் கதையைக் கேட்டார்கள். பாய் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார். இரண்டு பக்கம் முடிவதற்குள் ஒரு பஸ் போய்விடும். "யாருங்க எழுதுனது?" என்று யாராவது கேட்டால், "நம்ம பையன்தானுங்க. பாவம், இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கான்" என்பார்.

இப்போது என் பெயரில் ஆறு புத்தகங்கள் இருக்கின்றன. போன மாதம் ஏற்காடு போனபோதும் மிளகு வாங்க வந்தவரிடம் பாய் அதையேதான் சொன்னார். அந்த ஆறு புத்தகக் கணக்கை நான் சொல்லவில்லை; மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்து, என் கதையை அவர் வாயால் கேட்டுக்கொண்டிருந்தேன்.