லாரி ஹாரன் வைத்த டீச்சர் வண்டி

"ஒரு ஸ்குரூவைக்கூடக் கழட்ட வுடமாட்டேன்" என்று கார் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள் ஹெப்சிபா.

அவள் கணவன் அருள்பிரகாசம் வாசலில் கிடந்த செருப்பைப் பார்த்தபடி நின்றான். மனைவியிடம் எதிர்த்துப் பேச வேண்டியிருந்தால் அவன் எப்போதும் செருப்பிடம்தான் பேசுவான்.

"இன்சூரன்ஸ் முடிஞ்சிபோச்சு எப்சி. கட்ட மறந்துட்டேன். இனிமே ஆள் வந்து வண்டியப் பார்த்தாதான் புதுசு போடுவாங்களாம். நாளைக்குக் காலைல ஒருத்தர் வராரு."

"வரட்டும். பார்க்கட்டும்."

"இந்தக் கோலத்துல பார்த்தா திரும்பி ஓடிடுவாரு."

வாங்கும்போது அது சாதாரண வெள்ளைக் கார்தான். ஹெப்சிபா ராயபுரத்திலிருந்து எண்ணூருக்குப் போய்ப் பாடம் எடுக்கிற கணக்கு டீச்சர். வழியெல்லாம் கன்டெய்னர் லாரி, லாரி தோண்டிய பள்ளம், பள்ளம் நிறையத் தண்ணீர். ஒருநாள் முன்னால் நின்ற ஒரு ட்ரெய்லர் ரிவர்ஸில் வந்துகொண்டே இருந்தது. அவள் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தாள். கார் மூக்கு நசுங்கியது. இறங்கி வந்த டிரைவர், "ஹாரனாம்மா அது? எவனோட செல்போனோ அடிக்குதுன்னு நெனச்சேன்" என்றார்.

அன்று மாலையே மெக்கானிக் தமீமிடம் வண்டியை விட்டாள். பள்ளத்துக்காக வண்டி மூன்று இன்ச் உயர்ந்தது. ட்ரெய்லருக்காக முன்னால் இரும்புக் கம்பி வந்தது. கடைசியாக லாரி ஹாரன். அதை முதல் தடவை அடித்தபோது காசிமேட்டில் மீன் ஏலம் ஒரு நிமிஷம் நின்றுபோனதாகச் சொல்வார்கள். அதற்குப் பிறகு அருள்பிரகாசம் சர்ச்சுக்கு நடந்துதான் போகிறான்.

"அக்கா, ஒரே ஒரு நாளு" என்று தமீம் கெஞ்சினான். அருள்பிரகாசம் அவனை ஏற்கெனவே வரவழைத்திருந்தான். "பார்த்துட்டுப் போனதும் திரும்ப மாட்டிடறேன். இல்லாங்காட்டி இன்சூரன்ஸ் இல்லாம ஸ்கூலுக்கு எப்டி போவே? போலீஸ் புடிச்சா பேஜாரு."

அதுதான் அவளை அசைத்தது. சாவியைத் தூக்கிப் போட்டாள். "ஒரே நாளு. அப்பறம் ஒரு நட்டு கொறைஞ்சாலும் உன்ன சும்மா வுடமாட்டேன்."

தமீம் முதலில் இரும்புக் கம்பியைக் கழற்றினான். அதை மாட்டுவதற்காக பம்பரில் போட்ட ஓட்டைகள் இரண்டும் பல் விழுந்த வாய்போல இளித்தன. அருள்பிரகாசம் ஓடிப்போய் ஒரு ஸ்டிக்கர் வாங்கிவந்து குறுக்கே ஒட்டினான்: 'ஆண்டவர் காப்பார்'.

"இத்த ஒட்டிகினு இன்சூரன்ஸ் கேட்டா அவரு இன்னா நெனைப்பாரு?" என்றாள் ஹெப்சிபா.

அடுத்தது ஹாரன். கழற்ற நேரமில்லை என்று தமீம் வயரை மட்டும் மாற்றி, பழைய ஹாரனுக்கு உயிர் கொடுத்தான். ஸ்டியரிங்கை அமுக்கினால் இப்போது செல்போன் சத்தம்தான் வந்தது. எல்லோரும் மூச்சுவிட்டார்கள். அப்புறம் பிரேக்கை மிதித்தான். லாரி ஹாரன் தெருவையே தூக்கியது.

"ஒண்ணியும் ஆவாது" என்றான் தமீம். "நின்னுகினு கீற வண்டில யாரு பிரேக் போடப்போறாங்க?"

மிச்சமிருந்தது உயரம். அதை இறக்க இரண்டு நாள் ஆகும். மறுநாள் காலை தமீம் கண்டுபிடித்த வழியைப் பார்த்து ஹெப்சிபா தலையில் அடித்துக்கொண்டாள். எதிர்வீட்டு மீன் ஏலக்காரர் பொன்னுரங்கம், அவர் மனைவி கோவிந்தம்மா, அவருடைய மச்சான்கள் மூன்று பேர் என்று எடை பார்த்துப் பொறுக்கி காருக்குள் உட்கார வைத்திருந்தான். வண்டி பெருமூச்சு விட்டுப் பழைய உயரத்துக்கு இறங்கியிருந்தது.

"நாஷ்டா வாங்கித் தரேன்னு சொல்லிகீறான் டீச்சர்" என்றாள் கோவிந்தம்மா உள்ளிருந்தபடி.

பத்து மணிக்கு வந்தவர் சட்டையை இன் பண்ணிய, அமைதியான மனிதர். அருள்பிரகாசம் ஓடிப்போய்க் கைகுலுக்கினான். அவர் காரைச் சுற்றி வந்தார். டயரைக் காலால் தட்டினார். ஸ்டிக்கரைப் படித்தார். பிறகு ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார்.

"இவங்கல்லாம் யாரு?"

"எதிர் வூட்டுக்காரங்க சார்" என்றான் தமீம்.

"உள்ள என்ன பண்றாங்க?"

"காத்து வாங்கிகினு கீறோம்" என்றார் வியர்வையில் நனைந்திருந்த பொன்னுரங்கம்.

"கொஞ்சம் எறங்கறீங்களா?"

மச்சான்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். ஒவ்வொருவர் இறங்கும்போதும் கார் கொஞ்சம் எழுந்தது. கோவிந்தம்மா இறங்கியபோது கணிசமாக எழுந்தது. கடைசியில் பொன்னுரங்கம் காலை வெளியே வைத்ததும் துள்ளி எழுந்து, தன் முழு உயரத்துக்கு நிமிர்ந்து நின்றது.

வந்தவர் கதவைத் திறந்தார். ஏறி உட்கார்ந்து, பழக்கதோஷத்தில் பிரேக்கில் காலை வைத்தார்.

தெருமுனையில் போய்க்கொண்டிருந்த ஐஸ் வண்டி ஓரம் ஒதுங்கியது. வந்தவர் பயந்துபோய்க் காலை இன்னும் அழுத்தினார். ஹாரன் இன்னும் அலறியது. தமீம்தான் அவரை இழுத்து வெளியே விட்டான்.

"அது வந்து சார்..." என்று அருள்பிரகாசம் செருப்பைத் தேடினான்.

"போதும்!" என்றாள் ஹெப்சிபா.

விறுவிறுவென்று உள்ளே போனாள். இரும்புக் கம்பியைத் தரதரவென்று இழுத்துவந்து அந்த மனிதரின் காலடியில் போட்டாள்.

"எழுதிக்கோங்க சார். இது என் வண்டியோடதுதான். மூணு இன்ச் தூக்கினது நான்தான். இந்த ஹாரனும் நான் வச்சதுதான்."

"பேனா கொண்டுவரலீங்களே..." என்றார் அவர்.

"அப்ப காதுல வாங்கிக்கோங்க. இந்த ரோட்டுல ஒருநாள், ஒரே ஒரு நாள், கம்பெனில குடுத்த வண்டிய அப்டியே ஓட்டிக் காட்டுங்க. நானே எல்லாத்தையும் கழட்டி எடைக்குப் போட்டுடறேன். பள்ளத்த மூட மாட்டாங்க, தண்ணிய எடுக்க மாட்டாங்க, லாரிக்காரன் பார்க்க மாட்டான். நான் மட்டும் வாயில்லாத வண்டி ஓட்டணுமா? கூட ஆயிரம் ரெண்டாயிரம் கேட்டா கட்டறேன். கழட்டுன்னு சொன்னா கழட்ட மாட்டேன். நீங்க குடுக்கலன்னா வேற கம்பெனி, அவன் குடுக்கலன்னா இன்னொருத்தன். இந்த வண்டி இப்டியேதான் ஓடும், நான்தான் ஓட்டுவேன்!"

பொன்னுரங்கம் விசிலடித்தார். கோவிந்தம்மா, "அப்டி கேளு டீச்சர்!" என்று கைதட்டினாள். தமீம் சத்தமில்லாமல் ஸ்பானரை எடுத்துக் கம்பியைத் திரும்ப மாட்டத் தொடங்கினான்.

வந்தவர் கைக்குட்டையால் முகத்தை நிதானமாகத் துடைத்தார். ஹெப்சிபாவை ஒருமுறை மரியாதையோடு பார்த்தார். பிறகு அருள்பிரகாசத்தின் பக்கம் திரும்பினார்.

"சார், நான் குடுத்த அட்வான்ஸைத் திருப்பிக் குடுத்துடுங்க. இந்தம்மாகிட்டேருந்து வண்டிய வாங்க என்னால ஆகாது."